குளத்தங்கரையிலும் குழுவிலும்: பறவை பார்க்க வருகிறவர்களுக்கு

பறவை பார்க்கும் ஆசை வந்ததும் பலர் செய்வது இரண்டு காரியங்கள். பைனாகுலர் விலை விசாரிப்பார்கள். யாரையாவது பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிடுவார்கள். இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். முதலில் வேண்டியது ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா, காலையில் அரைமணி நேரம். அவ்வளவுதான்.

நான் திருநெல்வேலிக்காரன். எங்கள் பக்கம் குளங்களுக்குப் பஞ்சமில்லை. ஊர் நடுவிலேயே நயினார்குளம் கிடக்கிறது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் குளத்துப் பறவைகள் பக்கமாகவே சாயும். கோவைக்காரர்களும் சென்னைக்காரர்களும் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். பறவையை அடையாளம் காணப் புத்தகங்கள் இருக்கின்றன, செயலிகள் இருக்கின்றன. கரையில் நிற்பவரிடம் என்ன பேசுவது, குழுவில் எப்படிக் கேட்பது, ஒருவர் திருத்தினால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதையெல்லாம் அவை சொல்வதில்லை. ஆசையாக வந்து கொஞ்ச மாதத்திலேயே காணாமல்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பறவை சலித்துப் போனவர்கள் அவர்களில் குறைவு. மனிதர்களிடம் மனம் கசந்து போனவர்கள்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் பறவை பாதி, மனிதர்கள் பாதி.

1. ஒரே இடத்தில் ஒரு மாதம்

மொட்டைமாடி, தெருமுனை வேப்பமரம், பக்கத்துக் குளத்தின் கரை, எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் முடியாவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள். காலை ஆறிலிருந்து ஏழுக்குள் ஏதாவது அரைமணி நேரம். புது இடம் தேடி ஓட வேண்டாம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் அங்கே வழக்கமாக இருப்பவை எவை, புதிதாக வந்தது எது என்பது பிடிபடும். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் வாலை ஆட்டிக்கொண்டு வாலாட்டி வந்து இறங்கும்போது, நேற்று இது இங்கே இல்லையே என்று உங்களுக்கே தோன்ற வேண்டும். அந்தத் தோன்றல் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. முதலில் அளவை எழுதுங்கள். பறவை பார்ப்பவர்கள் எல்லோரும் கையாளும் அளவுகோல் மூன்று: சிட்டுக்குருவி, மைனா, காகம். "மைனாவைவிடக் கொஞ்சம் சிறிது", "காக்கை அளவு" என்று எழுதினால் போதும். அப்புறம் அலகின் வடிவம், வால் நீளமா குட்டையா, என்ன செய்துகொண்டிருந்தது. நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள். நிறம் ஏமாற்றும்.

எப்படி ஏமாற்றும் என்பதற்கு மடையான் போதும். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். வயல் வரப்பில் தோளைக் குறுக்கிக்கொண்டு மண்நிறத்தில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் அதைத் தாண்டி நடக்கிற அளவுக்குத் தெரியாமல் இருக்கும். காலடிச் சத்தத்தில் எழும்பிப் பறந்தால் இறக்கை இரண்டும் பளீரென்று வெள்ளை. நாலு வயல் தள்ளி இறங்கி இறக்கையை மடக்கினதும் மறுபடியும் மண். பழுப்புப் பறவை ஒன்று, வெள்ளைப் பறவை ஒன்று என்று நோட்டில் இரண்டாக எழுதியவர்கள் உண்டு.

குயிலும் அப்படித்தான். எல்லோருக்கும் தெரிந்த கருங்குயில் ஆண். பெண்குயிலின் உடம்பு பழுப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, வாலில் வரி, கண் மட்டும் ஆணுக்கு இருப்பதுபோலவே சிவப்பு. "ஏதோ பருந்து போல இருக்கிறது, அபூர்வப் பறவையா?" என்ற கேள்வியோடு வரும் படங்களில் பெண்குயிலுக்குத்தான் முதலிடம்.

வெள்ளைக் கொக்குகளில் குழப்பம் தீர இரண்டு அடையாளம் சொல்கிறேன். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மாட்டுக்குப் பின்னால் நடப்பதும், கழுத்து சற்றுக் குட்டையாக, அலகு மஞ்சளாக இருப்பதும் உண்ணிக்கொக்கு. மற்ற கொக்குகளை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

2. பைனாகுலர்

ஒரு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் வாங்குங்கள். 8×42 என்று எழுதியிருப்பது தொடங்குகிறவர்களுக்குச் சரியாக இருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு கூடினால் நல்லது என்று நினைத்து இருபது மடங்கு காட்டுவதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கை நடுங்குவதையும் அது இருபது மடங்காக்கித்தான் காட்டும். பார்வைப்பரப்பும் சுருங்கிவிடும், மரத்தில் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும்.

வாங்கியதும் உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும். பலர் வருடக்கணக்கில் இதைச் செய்யாமலே மங்கலாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வலக்கண்ணை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி, தூரத்தில் ஒரு பெயர்ப்பலகையை இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்கண் பக்கம் இருக்கும் தனி வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நடுச் சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்கத்து ரப்பரை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்கலாம்.

பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடக் கூடாது. கண்ணைப் பறவையிலேயே வைத்துக்கொண்டு பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். காகத்தை வைத்துப் பழகுங்கள், அது கோபித்துக்கொள்ளாது.

3. கரையில் நிற்கும்போது

இதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. காலை ஆறரை மணிக்கு ஒரு அந்நியர் கழுத்தில் பைனாகுலரோடு குளத்தங்கரையில் நின்றால் ஊர் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? நிலம் அளக்க வந்தவர், மணல் கேஸ் பிடிக்க வந்தவர், எதையோ கணக்கெடுக்கிற அதிகாரி என்று ஆளுக்கு ஒன்று நினைப்பார்கள். அதைவிட முக்கியமானது படித்துறை. பெண்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். அந்தத் திசையில் நீங்கள் பைனாகுலரைத் திருப்பினால், அங்கே மீன்கொத்திதான் உட்கார்ந்திருந்தது என்று பிறகு சொல்வது எடுபடாது. படித்துறைக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி, முதுகைக் காட்டி நில்லுங்கள். தெருவில் பார்க்கும்போது வீட்டு ஜன்னல்களுக்கும் இதே கதை.

முதல் நாளே கரையில் இருக்கும் டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். "அண்ணாச்சி, என்னத்த பாக்கிய?" என்று யாராவது கேட்பார்கள். கேட்டதும் பைனாகுலரைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். விளக்கம் அப்புறம். தண்ணீருக்கு நடுவில் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரையை அவர் ஒரு தடவை கிட்டத்தில் பார்த்துவிட்டால் மறுநாள் அவரே உங்களுக்காக நாலு பேரிடம் பேசுவார். ஆடு மேய்ப்பவர், வாத்து மேய்ப்பவர், மடை பார்ப்பவர் இவர்களுக்கெல்லாம் உங்கள் நோட்டில் இல்லாத தகவல் தெரியும். கலுங்கில், அதாவது குளம் நிறைந்து வழியும் இடத்தில், தண்ணீர் விழுந்தால் எந்தப் பக்கம் கூட்டம் சேரும், எந்தக் கருவேல மரத்தில் போன வருடம் கூடு கட்டியது என்று சொல்வார்கள். அவர்கள் ஒரு பறவைக்கு என்ன பெயர் சொல்கிறார்களோ அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குறுக்கே விழுந்து புத்தகப் பெயரைச் சொல்லித் திருத்தாதீர்கள்.

மீன்பாசி, அதாவது குளத்தில் மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்தவர் வேறு மாதிரி பேசுவார். அவருக்கு நீர்க்காகம் எதிரி. வெடி போட்டு விரட்டுவார். அவர் பணம் போட்டிருக்கிறார், நீங்கள் அரைமணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர். அங்கே நின்று சூழலியல் பாடம் நடத்துவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. முதலில் பழகுங்கள். ஆனால் வலை கட்டிப் பறவை பிடிப்பதைப் பார்த்தால் அது வேறு. தனியாகப் போய் மல்லுக்கு நிற்காமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஊர்க்காரர்களுக்குப் பறவையைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்போடு வருகிறவர்களை ஒருமுறை கூந்தன்குளத்துக்கு அனுப்ப வேண்டும். நாங்குநேரிப் பக்கம் இருக்கும் ஊர். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகள் வீட்டுக் கொல்லையிலும் தெருவோர மரத்திலும் கூடு கட்டும். கூழைக்கடாவும் நாரையும் தலைக்கு மேலே குடித்தனம் நடத்தும்போது கீழே என்னென்ன விழும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாற்றத்தையும் சத்தத்தையும் ஊர் பொறுத்துக்கொள்கிறது. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வீட்டுக் குழந்தையிடம் மத்தாப்பு மட்டும் போதும் என்று வருடா வருடம் சொல்லிச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

4. குழுவில் சேர்ந்ததும்

இப்போது குழுவில் சேரலாம். மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்கும். சேர்ந்ததும் ஒரு வாரம் சும்மா படியுங்கள். யார் பொறுமையாகப் பதில் சொல்கிறார், யார் படம் மட்டும் போடுகிறார், எதற்குக் கோபம் வருகிறது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். காலை வணக்கப் படங்களும் அரசியலும் பெரும்பாலான குழுக்களில் தடை. ஒரு மயில் படத்தின் மேல் "இனிய காலை" என்று எழுதிப் போட்டாலும் அது காலை வணக்கம்தான்.

"இது என்ன பறவை?" என்று மட்டும் எழுதிப் படம் போடாதீர்கள். எந்த ஊர், எந்த மாதம், எத்தனை மணி, தண்ணீரிலா மரத்திலா தரையிலா, என்ன செய்தது, நீங்கள் என்னவென்று நினைக்கிறீர்கள், இவ்வளவும் இரண்டு வரியில் அடங்கும். கடைசியாகச் சொன்னது முக்கியம். "கீச்சானாக இருக்குமோ என்று நினைக்கிறேன், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை இருந்தது" என்று எழுதுகிறவருக்கு நாலு பேர் உட்கார்ந்து பதில் எழுதுவார்கள். வெறும் படம் போட்டவருக்கு வெறும் பெயர்தான் கிடைக்கும். மறுநாள் மறந்துபோகும்.

படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், அலகும் கண்ணும் குழம்பும். டாக்குமெண்டாக இணைத்தால் அப்படியே போகும். படத்தைப் பளபளப்பாக்குகிற செயலிகளை அடையாளம் கேட்கும் படத்தில் பயன்படுத்தாதீர்கள். இல்லாத இறகை அவை வரைந்துவிடுகின்றன.

குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அதற்காக ஒருவரைத் தனியாக அழைத்தோ செய்தி அனுப்பியோ தொல்லை செய்யலாம் என்று அர்த்தமில்லை. பெண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். நல்ல படம் போட்டார் என்பதற்காக இரவு பத்து மணிக்கு "சூப்பர் மேடம், எங்க எடுத்தீங்க?" என்று தனியாக அனுப்புகிறவர்களால் எத்தனை பேர் குழுவைவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நிர்வாகிகளைக் கேட்டால் சொல்வார்கள். கேட்பதைக் குழுவிலேயே கேளுங்கள். தனியாகப் பேச வேண்டியிருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள்.

5. திருத்தும்போது, திருத்தப்படும்போது

நீங்கள் வல்லூறு என்று போட்ட படத்தை ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்து, "இல்ல சார், இது அக்காக்குயில்" என்பான். அவன் சொல்வது சரியாகவும் இருக்கும், இரண்டும் பறப்பதில்கூட ஒன்றுபோலத்தான் தெரியும். ஓய்வுபெற்ற அதிகாரியைப் பத்தாம் வகுப்புப் பையன் திருத்துகிற இடம் நம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்தது இதுதான். அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எதை வைத்துச் சொல்கிறீர்கள் தம்பி?" அவன் அலகைப் பார்க்கச் சொல்வான். வல்லூறுக்குக் கொக்கி அலகு, இதற்கு நேர் அலகு. உங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது, அவனுக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

நீங்கள் திருத்துகிறவராக ஆகும்போது பெயரோடு காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். "கூகுள் செய்து பாருங்கள்" என்பது பதில் ஆகாது. உங்களுக்கு உடனே தெரிந்துவிட்டாலும் புதியவர் ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். முந்திக்கொண்டு பெயர் சொல்வதில் யாருக்கும் பரிசு இல்லை.

கேமராக்காரர்களுக்கும் நோட்டுக்காரர்களுக்கும் எல்லாக் குழுவிலும் ஒரு மெல்லிய உரசல் உண்டு. லென்ஸின் நீளத்தை வைத்து ஆளை எடைபோடுவார்கள் சிலர். வாழ்நாளில் எத்தனை இனம் பார்த்தாய் என்று பட்டியல் எண்ணிக்கையை வைத்து எடைபோடுவார்கள் சிலர். புதியவர் இரண்டு பக்கமும் சேர வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், உங்கள் தெருக் குளத்தின் பட்டியல் உங்களிடம் மட்டுமே இருக்கும் பொருள். ஊர் ஊராக அலைந்து சேர்த்த எண்ணிக்கையைவிட அதற்குத்தான் மதிப்பு.

6. இபேர்டில் ஏற்றுவது

இபேர்ட் என்பது அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இலவசத் தளம். செல்பேசியிலேயே பட்டியல் போடலாம். நம் நோட்டில் கிடக்கும் எண்கள் ஆய்வாளர்கள் கைக்குப் போக இது வழி. "இந்தியப் பறவைகளின் நிலை" என்ற 2023 அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் ஏற்றிய 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. அதில் மொட்டைமாடிப் பட்டியல்களும் உண்டு.

குறைந்தது 15 நிமிடம் பாருங்கள். கடைசியில் இது முழுமையான பட்டியலா என்று கேட்கும். உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாவற்றையும் எழுதினீர்களா என்பதுதான் கேள்வி. காகத்தையும் புறாவையும் விடாமல் எழுதியிருந்தால் ஆம் என்று சொல்லுங்கள். தெரியாத பறவை ஒன்றிரண்டு விட்டுப்போயிருந்தாலும் ஆம்தான். அழகான பறவையை மட்டும் எழுதிவிட்டு ஆம் என்று சொல்லக் கூடாது.

கூட்டத்தை எண்ணுவதற்கு ஒரு வழி: முதலில் பத்துப் பறவையை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதைப்போல எத்தனை பங்கு இருக்கிறது என்று பாருங்கள். நாமக்கோழிகள் குளம் நிறையக் கிடந்தாலும் இப்படி எண்ணிவிடலாம். ஏறக்குறைய 300 என்று எழுதுவது, எண்ணே எழுதாமல் விடுவதைவிடப் பயனுள்ளது.

அதே ஆய்வகத்தின் மெர்லின் செயலி, குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். தையல்சிட்டு அந்தச் சின்ன உடம்பை வைத்துக்கொண்டு போடும் சத்தத்தை அடையாளம் காட்ட அது உதவும். ஆனால் அது சொன்னதையெல்லாம் பட்டியலில் ஏற்றாதீர்கள். குரல் வந்த திசையில் பறவையைத் தேடிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். அபூர்வமான பெயரை ஏற்றினால், சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் மின்னஞ்சலில் விவரம் கேட்பார். குற்றம் சாட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்த்ததை எழுதுங்கள். சந்தேகம் என்றால் நீக்கிவிடலாம்.

வீட்டிலிருந்து பட்டியல் போடுகிறவர்கள் இடத்தின் பெயரில் கதவு எண்ணையோ தெருவையோ எழுத வேண்டாம். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும்.

7. எதைப் பகிரக் கூடாது

கூட்டின் படமும் கூடு இருக்கும் இடமும். இதில் விவாதமே வேண்டாம். ஒருவர் இடத்தைப் போட்டால் அடுத்த ஞாயிறு பத்து கேமரா வரும், தாய்ப்பறவை கூட்டுக்கு வராது, காகம் வந்துவிடும். ஆந்தைகள் தங்கும் இடத்தையும் சொல்லாதீர்கள். தீபாவளி நெருங்கும்போது பூசைக்கென்று ஆந்தை பிடித்து விற்கிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைத்துப் படம் எடுக்கிறவரோடு போனால், நிறுத்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அவரோடு மறுபடி போகாதீர்கள்.

தனியாகப் போகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், அங்கே இருக்கும்போதே இடத்தைக் குழுவில் போட வேண்டாம். வீடு திரும்பியதும் போடலாம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

8. வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்துக்குச் சொந்தமானது. அதில் நீங்கள் கை வைக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஒன்பது மணிக்குள் வருவேன் என்றால் ஒன்பதுக்குள் வாருங்கள், வரும் வழியில் மீனோ காயோ வாங்கிவாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்கள் போக்கில் விடுங்கள். அவர்கள் நத்தை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தால் பொறுக்கட்டும்.

பக்கத்து வீட்டில் கூண்டில் கிளி இருக்கும். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது குற்றம். முதல் நாளே போய்ச் சட்டம் பேசினால் அந்த வீட்டு வாசலோடு உறவு முடிந்தது. உங்கள் மாடிக்கு அவர்களைக் கூப்பிட்டு, சாயங்காலம் கூட்டமாகப் போகும் கிளிகளைக் காட்டுங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்குவது எளிது. வருடக்கணக்காகக் கூண்டில் இருந்த கிளியைச் சட்டென்று திறந்துவிடச் சொல்லாதீர்கள், அதற்கு இரை தேடத் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி.

9. அக்டோபரில் வரும் விருந்தாளி

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் எல்லாக் குழுக்களிலும் ஒரு படம் வரும். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வயிற்றின் அடியில் சிவப்பு, கண்ணில் மை பூசியதுபோலக் கறுப்புப் பட்டை, வால் இருக்கிறதா என்று தேடும் அளவுக்குக் குட்டை. யாரோ ஒருவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும். ஆறுமணிக்குருவி. இமயத்து அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வருகிறது. இரவில் பறந்து வந்து, களைத்தோ சுவரிலும் கண்ணாடியிலும் மோதியோ விழும். காலையிலும் மாலையிலும் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூப்பிடுவதால் அந்தப் பெயர்.

உங்கள் வீட்டில் வந்து விழுந்தால் செய்ய வேண்டியது இது. ஒரு அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, பறவையை மெதுவாக உள்ளே வைத்து மூடி, சத்தமில்லாத நிழலான இடத்தில் வையுங்கள். பூனை எட்டாத இடமாக இருக்கட்டும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். தெரு முழுக்கக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கழித்துச் செடிகள் அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தானாகப் போய்விடும். இறக்கை தொங்கினாலோ இரத்தம் இருந்தாலோ வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். படம் எடுத்துக் குழுவில் போடுவது இதெல்லாம் முடிந்த பிறகு.

10. முதல் கூட்டு நடை, முதல் கணக்கெடுப்பு

குளங்கள் நிறைந்திருக்கும் ஜனவரி சேருவதற்கு நல்ல மாதம். பொங்கலை ஒட்டி மாநிலம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். எங்கள் பக்கம் மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்புக்கு எங்கும் போக வேண்டாம், உங்கள் மாடியே போதும்.

கண்ணை உறுத்தாத நிறத்தில் சட்டை, தொப்பி, தண்ணீர், செருப்புக்குப் பதில் ஷூ. செல்பேசியின் சத்தத்தை அணைத்துவிடுங்கள். பறவையைக் கண்டால் கையைச் சட்டென்று நீட்டாமல் வாயால் சொல்லுங்கள். "அந்த மரத்தில்" என்றால் யாருக்கும் தெரியாது. மரத்தைக் கடிகாரமாக வைத்து, "ஒற்றைப் பனைக்கு இடப்பக்கத்துக் கருவேலம், இரண்டு மணித் திசை, பாதி உயரம்" என்றால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். டெலஸ்கோப் கொண்டுவந்தவர் பார்க்கக் கூப்பிட்டால் குழாயைப் பிடிக்காமல் குனிந்து பாருங்கள். நாலு விநாடி பார்த்ததும் அடுத்தவருக்கு வழிவிடுங்கள். எல்லோரும் பார்த்த பிறகு மறுபடி பார்க்கலாம். ஒருவர் காரில் போனால் பெட்ரோலைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள், அவரே கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.

ஒரே கூட்டத்தை இருவர் எண்ணினால் இரண்டு எண் வரும். நீங்கள் ஊசிவால் வாத்து 140 என்பீர்கள், பக்கத்தில் இருப்பவர் 200 என்பார். கரையிலேயே பேசி, இன்னொருமுறை எண்ணி, ஒரே எண்ணை எழுதுங்கள். வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு பட்டியல் ஏற்றினால் குளத்தில் பறவை இரட்டிப்பாகிவிடும். ஒருவர் மட்டும் இபேர்டில் ஏற்றிவிட்டு மற்றவர்களுக்குப் பகிர்ந்தால் போதும். உங்களுக்கு வரும் பிரதியை ஏற்றுக்கொண்டு, நீங்கள் கண்ணால் பார்க்காத பறவைகளை அதிலிருந்து மட்டும் நீக்கிக்கொள்ளுங்கள்.